ஒன்பதாவது கேள்வி

விழுப்புரம்
9.2.2025

அன்புள்ள அஸ்வினிக்கு,

அண்ணி எழுதுவது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் உடம்பு, அத்தையின் இடுப்பு வலி, பாப்பாவின் இருமல், மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுது. மருந்துக்கு இருமல் நிற்காவிட்டால் ஒலக்கூர் ஹெல்த் சென்டருக்கே கூட்டிப்போ. வேறெங்கும் அலைய வேண்டாம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். அத்தை ஸ்பீக்கரில் போடுவார், பாப்பா பிடுங்கிக்கொள்வாள், பிறகு எனக்குப் பேச்சு வராது. அதனால் தபால். உள்ளே ஒரு வெள்ளை ஃபாரம் இருக்கிறது. கசங்காமல் எடு.

வரும் 16-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள். நோட்டீஸை ஒட்டியதே நான்தான். ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே, தியேட்டர் உதவியாளர். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வார்டு ஆயா, துப்புரவு, சமையல், சலவை, அட்டெண்டர். இரண்டு மேசை, இரண்டு வரிசை. கோட்டுக்கு மேலே வெள்ளை ஃபாரம், கீழே மஞ்சள். எந்த வரிசை குட்டையாக இருக்கிறதோ அதில் போய் நின்றுவிடாதே. உன் அண்ணன் தவறிப்போன மூன்றாம் மாதம் நான் அப்படித்தான் நின்று எச்.ஆர். அறைக்கு அட்டெண்டர் ஆனேன். பி.காம். என்று எழுத மஞ்சள் ஃபாரத்தில் இடமே இல்லை. மஞ்சளில் சேர்ந்தவர் யாரும் வெள்ளைக்கு மாறி இந்த இரண்டு வருடத்தில் நான் பார்க்கவில்லை.

ஒன்பதாவது கேள்வியைக் கவனி. 'உறவினர் எவரேனும் இம்மருத்துவமனையில் பணிபுரிகிறார்களா?' இல்லை என்று எழுது. ஒரே குடும்பத்தில் இரண்டு பேரை இங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். தெரிந்தால் இருவரையும் அனுப்பிவிடுவார்கள். சலவைப் பிரிவில் ஓர் அக்காவையும் தங்கையையும் அப்படி அனுப்பினார்கள். அன்று நான்தான் டோக்கன் கொடுப்பேன். என்னை யாரோ போலப் பார்.

அத்தைக்கு வணக்கம் சொல். பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று.

உன் அண்ணி
காயத்ரி


ஒலக்கூர்
2.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதச் சொன்னாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். பாப்பாவுக்கு இருமல் நின்றது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

வேலை கிடைத்தது. திண்டிவனம் கிளை. இங்கிருந்தே பஸ்ஸில் போய்வரலாம்.

அன்று டோக்கன் கொடுக்கும்போது உங்கள் விரல் என் உள்ளங்கையில் ஒரு நொடி நின்றது. "முப்பத்தி நாலு. போய் ஒக்காரும்மா" என்றீர்கள். அந்த 'ம்மா' யாருக்கோ சொன்னது. நன்றாக நடித்தீர்கள். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

நேர்காணல் நான்கு நிமிடம். உங்கள் எச்.ஆர். மேனேஜர் தீனதயாளன் சார் நர்சிங்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கல்யாணம் எப்போது என்று கேட்டார். இப்போது இல்லை என்றேன்.

"எல்லாரும் அப்டிதாம்மா சொல்றீங்க. ஆறு மாசத்துல பத்திரிகைய தூக்கிக்கினு வந்து நிப்பீங்க."

அதனால் இரண்டு வருட ஒப்பந்தம். அதுவரை ஒரிஜினல் சான்றிதழ்கள் அவர்களிடம். பத்தாவது, பன்னிரண்டாவது, நர்சிங் டிப்ளமோ, கவுன்சில் பதிவு. நான்கையும் மேசையில் வைத்தேன். ரசீது கேட்டேன். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

வெளியே வந்தபோது பை லேசாக இருந்தது. மூன்று வருடப் படிப்பு. யாரோ ஒருவரின் பீரோவில்.

ஒன்பதுக்கு இல்லை என்று எழுதினேன். கை நடுங்கியது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
அஸ்வினி


விழுப்புரம்
6.3.2025

அன்புள்ள அஸ்வினிக்கு,

உன் கடிதம் கண்டு சாப்பிட உட்கார்ந்தேன். அதனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. நீ பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டியவள். காலுக்கு நல்ல செருப்பாக வாங்கிக்கொள்.

இந்தக் கடிதம் ஐஸ் பெட்டியில் வந்ததைப் பார்த்திருப்பாய். இனி இப்படியே எழுதுவோம். உங்கள் கிளையில் எடுக்கிற ரத்தம் காலை பஸ்ஸில் இங்கே லேபுக்கு வருகிறது. மாலையில் ரிப்போர்ட்டுகளோடு பெட்டி திரும்புகிறது. கொண்டுபோய் வருகிறவர் கண்ணையன் அண்ணன், உன் அண்ணனோடு வேன் ஓட்டியவர். நாம் யார் என்று அவர் ஒருவருக்குத்தான் இங்கே தெரியும். கேட்டதற்கு, "ரத்தத்தயே தூக்கிக்கினு போறேன், காயிதத்த தூக்க மாட்டனா" என்றார். வாட்ஸ்அப்பில் எதுவும் எழுதாதே. போன மாதம் ஒரு சிஸ்டரின் போனை வாங்கி எல்லாவற்றையும் படித்தார்கள்.

உன் சான்றிதழ் எங்கே இருக்கிறது தெரியுமா? என்னிடம். எச்.ஆர். அறையில் பச்சை பீரோ, மூன்றாவது தட்டு, இடப்பக்கம். சாவி என் இடுப்பில். ஒவ்வொரு ஃபைலின் அட்டைக்குள்ளும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எடுத்தவர், எடுத்த தேதி, திருப்பிய தேதி. உன் சீட்டு காலி. வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து நாப்தலீன் உருண்டை மாற்றுகிறேன். கவுன்சில் பதிவில் இருக்கிற போட்டோவில் நீ ரொம்பச் சின்னப் பெண்ணாக இருக்கிறாய்.

யாரோ ஒருவரின் பீரோ என்று எழுதியிருந்தாய். இல்லை.

மாதக் கடைசி ஞாயிறு வருவேன். உனக்கு அன்று டூட்டி இருந்தாலும் பரவாயில்லை. பாப்பாவை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வை.

உன் அண்ணி
காயத்ரி


திண்டிவனம்
17.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். உங்கள் கை வலி தேவலையா?

முப்பது படுக்கை. மூன்று சிஸ்டர். அதில் ஒருவர் எப்போதும் விடுப்பு. ஒரு கிழவர் என்னை டாக்டரம்மா என்றார். திருத்தவில்லை. மறுநாள் அவர் படுக்கையில் வேறு ஒருவர். அவரும் அப்படியே கூப்பிட்டார்.

வீட்டுக்குப் போனால் பாப்பா என் மேல் காலைப் போட்டுத்தான் தூங்குகிறாள். இரண்டாம் வகுப்புப் புத்தகம் முழுவதும் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். தமிழ்மொழி, தமிழ்மொழி. உங்களை 'விழுப்புரம் அம்மா' என்கிறாள். அப்படியானால் மற்ற அம்மா யார் என்று கேட்டேன். சிரித்தாள்.

போன வருடம் எழுதிய அரசு நர்ஸ் தேர்வின் முடிவு இன்னும் வரவில்லை. வராது என்று நினைத்துக்கொண்டால் நாள் ஓடுகிறது. அங்கே எட்டு மணி நேர டூட்டிதான் என்று நினைத்துக்கொண்டால் ஓடுவதில்லை.

அம்மா வேகவைத்த மல்லாட்டை கொடுத்தாள். ரத்தத்தோடு வைக்க வேண்டாம் என்று கண்ணையன் அண்ணன் தன் பையில் போட்டுக்கொண்டார். பாதிக் கடலைதான் வந்து சேரும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
அஸ்வினி


திண்டிவனம்
28.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இதை நின்றுகொண்டு எழுதுகிறேன்.

முடிவு வந்துவிட்டது. என் எண் இருக்கிறது. நான்கு முறை பார்த்தேன். பிறகு பாப்பாவை விட்டுப் படிக்கச் சொன்னேன். அவளும் அதே எண்ணைத்தான் படித்தாள்.

செப்டம்பர் 24, சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. காலை பத்து மணி. ஒரிஜினல் காட்ட வேண்டும். நகல் செல்லாது. அன்று காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஒரு நாள் போதும், அண்ணி. இப்படி யோசித்திருக்கிறேன். 23 மாலை ரிப்போர்ட்டுகளோடு என் ஃபைலும் பெட்டியில் வரட்டும். 24 காட்டுகிறேன். 25 காலை ரத்தத்தோடு திருப்பி அனுப்புகிறேன். இடையில் யாரும் அந்தத் தட்டைத் திறக்கப் போவதில்லை. சீட்டில் எதுவும் எழுத வேண்டாம். போய்வந்தது பீரோவுக்கே தெரியாது.

ஃபைல் உங்களிடம் இருக்கிறது என்று நீங்கள் மார்ச்சில் எழுதியதை இன்று எடுத்துப் படித்தேன். யாருக்கு வாய்க்கும் இது. மற்ற சிஸ்டர்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள்.

சரி என்று ஒரு வரி அனுப்புங்கள்.

உங்கள்
அஸ்வினி


திண்டிவனம்
8.9.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? உடம்புக்கு ஏதாவதா?

பதினொரு நாள். கடிதம் தவறிவிட்டதோ என்று கண்ணையன் அண்ணனைக் கேட்டேன். கையில்தான் கொடுத்தேன் என்றார். அண்ணி படித்தார்களா என்று கேட்டேன்.

"படிச்சாங்கம்மா. ரெண்டு தபா படிச்சாங்க. மடிச்சி இடுப்புல சொருவிக்கினாங்க."

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மாதக் கடைசி ஞாயிறு நீங்கள் வரவில்லை. பாப்பா மூன்று பஸ் பார்த்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை தீனதயாளன் சார் கிளைக்கு வந்தார். நேராகவே கேட்டுவிட்டேன். நல்ல மனநிலையில்தான் இருந்தார். "ரெண்டு வருஷம்னு கையெழுத்து போட்டுக்கினு நடுவுல வந்து கேட்டா எப்டிம்மா? கவர்மென்ட் எங்க ஓடிடப் போவுது" என்றார். போலீசில் எழுதிக் கொடு என்கிறார் ஒரு சிஸ்டர். அவர் சான்றிதழும் உள்ளேதான் இருக்கிறது. அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

பதினாறு நாள் இருக்கிறது. உங்களை விட்டால் ஆள் இல்லை.

அஸ்வினி


விழுப்புரம்
11.9.2025

என் அன்புள்ள அஸ்வினிக்கு,

நீ நலமா? அத்தை நலமா? அத்தைக்கு இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? பாப்பாவுக்கு நகம் வெட்டினாயா? பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சாப்பிடுகிறாளா, பாதியை வைத்துவிடுகிறாளா? உனக்கு எண் வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. உன் அண்ணன் இருந்திருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பார். கை வலி அதிகமாகிவிட்டதால் எழுதத் தாமதம்.

உன் ஃபைல் இப்போது இங்கே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் பத்து ஃபைல்களைச் சென்னை ஆபீசுக்கு ஸ்கேன் செய்ய எடுத்துப்போனார்கள். அதில் உன்னுடையதும் போய்விட்டது. தீபாவளி கழித்துத்தான் திரும்பும் என்கிறார்கள். நான் என்ன செய்வேன். என்னிடம் இருப்பது சாவிதான்.

நீ இங்கே வந்து கேட்காதே. சாரிடமும் இனி கேட்காதே. உறவு தெரிந்தால் இரண்டு பேர் வேலையும் போய்விடும், பிறகு பாப்பா என்ன சாப்பிடுவாள். நகலை எடுத்துக்கொண்டு போய்ப் பார். அங்கேயும் மனிதர்கள்தானே.

இந்த மாதமும் ஞாயிறு டூட்டி போட்டிருக்கிறார்கள். பாப்பாவிடம் நீயே சொல்லிவிடு.

காயத்ரி


திண்டிவனம்
26.9.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருக்கிறோம். உங்கள் கை வலி எப்படி?

போனேன். முதல் பஸ். பாப்பா எழுந்து வந்து நெற்றியில் விபூதி வைத்தாள், மூக்கெல்லாம் கொட்டினாள்.

நீளமான ஹால். எல்லார் மடியிலும் ஒரு ஃபைல். குழந்தையை வைத்திருப்பது போல வைத்திருந்தார்கள். என் மடியில் நகல்.

சான்றிதழ் சரிபார்த்த அம்மா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மார்க் நல்லா இருக்கேம்மா" என்றார். "ஒரிஜினல் எங்கம்மா?" சொன்னேன். இதே கதையை எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ. "அஞ்சு மணி வரைக்கும் ஒக்காந்திருப்பேன். எப்டியாவது கொண்டாந்துடு" என்றார்.

அப்போது பதினொன்றே கால்.

உங்களுக்குப் போன் செய்தேன். பதினொரு முறை. பிறகு நம் ஆஸ்பத்திரியின் சென்னை ஆபீசுக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி. மாடியில் ஒரே அறை. வாசலில் காவலுக்கு ஒரு பெரியவர். ஸ்கேன் செய்ய வந்த ஃபைல் என்றேன்.

"ஃபைலா? ஆறு பேரு கம்ப்யூட்டர் தட்டிக்கினு இருக்காங்க. இங்க பீரோவே கெடையாதும்மா. யார்னா உன்ன சுத்தல்ல உட்டாங்களா?"

பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். உள்ளே விடாமல் இருப்பதற்காகச் சொல்கிறார் என்று. சண்டை போட்டேன். நான் சண்டை போட்டு நீங்கள் பார்த்ததில்லை. அவர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அதைத் தட்டிவிட்டேன்.

ஐந்து மணிக்கு எங்கே இருந்தேன் என்று நினைவில்லை. ஏதோ ஒரு பஸ் நிறுத்தம்.

நீங்கள் ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்கவில்லை. டூட்டியில் இருந்திருப்பீர்கள்.

பாப்பா ஒரு படம் வரைந்தாள். பஸ், பஸ் பக்கத்தில் நான், நீங்கள், நடுவில் அவள். அம்மாவுக்கு அனுப்பு என்றாள். உள்ளே வைத்திருக்கிறேன்.

அஸ்வினி


விழுப்புரம்
6.10.2025

அன்புள்ள அஸ்வினிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? நீ சாப்பிடவில்லை என்று அத்தை போனில் சொன்னார். அத்தையையும் பாப்பாவையும் நினைத்துச் சாப்பிடு.

நடந்ததை நினைத்துக்கொண்டே இருக்காதே. உனக்கு வயது இருக்கிறது. அடுத்த முறை வராமல் போகாது. எங்கோ தூரத்தில் போட்டு, தெரியாத ஊரில் தனியாக நீ என்ன பாடுபட்டிருப்பாயோ. எல்லாம் ஒரு நல்லதுக்கு என்று எடுத்துக்கொள்.

இங்கே ஆயுத பூஜை நன்றாக நடந்தது. பீரோ, சாவி, கம்ப்யூட்டர், தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் நான்தான் வைத்தேன். பொரியும் கடலையும் அனுப்பியிருக்கிறேன்.

பாப்பா வரைந்த படம் கிடைத்தது. எனக்குச் சிவப்புப் புடவை கட்டிவிட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி விடுதியில் பெட்டியைப் பூட்டக் கூடாது, திடீரென்று சோதனை போடுவார்கள். அதனால் எனக்கு என்று இருக்கிற ஒரே பத்திரமான இடத்தில் அதை வைத்திருக்கிறேன்.

உன் அண்ணி
காயத்ரி


திண்டிவனம்
3.12.2025

அண்ணிக்கு,

காய்ச்சலில் படுத்திருக்கிறீர்கள் என்று கண்ணையன் அண்ணன் சொன்னார். நீங்கள் விடுப்பில் இருக்கிற இந்த இரண்டு நாளில் நடந்தது இது. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

தர ஆய்வுக் குழு நேற்று கிளைக்கு வந்தது. நர்சுகளின் ஒரிஜினலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். உங்கள் அறையில் இருக்கிற பெரியசாமி, நீங்கள் கொடுத்துவிட்டுப் போன சாவியால் பீரோவைத் திறந்து எங்கள் ஃபைல்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என் ஃபைலை என் கையில் கொடுத்து, எடுத்து வை என்றார்கள்.

மடியில் வைத்துத் திறந்தேன். நாப்தலீன் வாசனை. அட்டையின் உள்பக்கம் சந்தனம், அதன் மேல் குங்குமம். நான்கு சான்றிதழ். அவற்றுக்குக் கீழே என் கையெழுத்து.

என் கடிதங்கள். மார்ச், ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு. தேதி வரிசையில். கடைசியில் பாப்பாவின் படம்.

முதலில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிதங்களை உருவி யூனிஃபார்ம் பைக்குள் திணித்தேன். பெரியசாமி பார்த்துவிட்டால் உங்கள் வேலை போய்விடுமே என்று. உங்களைக் காப்பாற்றிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அட்டையில் ஒட்டிய சீட்டைப் பார்த்தேன். ஒரே ஒரு வரி. எடுத்தவர் பெரியசாமி. தேதி நேற்று. அதற்கு மேலே எதுவும் இல்லை. சென்னை இல்லை. ஆகஸ்ட் இல்லை.

படத்தை ஒளிக்க நேரம் இல்லாமல் போயிற்று. ஆய்வுக்கு வந்த அம்மா எடுத்துப் பார்த்துச் சிரித்தார். "யாரும்மா வரைஞ்சது, உம் பொண்ணா?" என்றார். இல்லை, தெரியாது, யாரோ மாற்றி வைத்திருப்பார்கள் என்றேன். பெரியசாமி அதை வாங்கி இரண்டாக மடித்து மேசைக்கு அடியில் இருந்த கூடையில் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து நிமிடம் ஃபைல் என் கையில் இருந்தது. கதவு திறந்திருந்தது. எடுத்துக்கொண்டு நடந்திருக்கலாம். சாவி உங்களுடையது, பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதை யோசித்தேன். பாப்பாவை யோசித்தேன். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

சென்னையில் தண்ணீர் கொடுத்த அந்தக் காவல்காரப் பெரியவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அஸ்வினி


விழுப்புரம்
14.12.2025

அஸ்வினி,

காய்ச்சல் விட்டுவிட்டது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. தீனதயாளன் சாருக்கு ஒன்றுமே தெரியாது. அவர் சொல்லிச் செய்தேன் என்று எழுத ஒரு வாரம் யோசித்தேன். அதற்குத்தான் இத்தனை நாள்.

23 மாலை உன் ஃபைலைப் பெட்டியில் வைத்தேன். ரிப்போர்ட் கவர்களுக்கு அடியில். கண்ணையன் அண்ணன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். "இன்னாம்மா, இன்னொரு ரிப்போர்ட்டா? ஜல்தி, பஸ்ஸு போய்டும்" என்றார். பெட்டியை இறக்கச் சொன்னேன். வைக்கப்போகிறேன் என்றுதான் அவர் நினைத்தார். எடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

உனக்கு ஆர்டர் வந்தால் எங்கே போடுவார்கள்? ராமநாதபுரமோ தேனியோ. அத்தையால் குனிந்து ஒரு குடம் தூக்க முடியாது. பாப்பாவை இந்த விடுதியில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். நான் வேலையை விட்டால் வேறு எங்கே போய் நிற்பேன்? நீ அங்கே இருப்பதால்தான் நான் இங்கே இருக்கிறேன். இதை உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ போகாமல் இருந்திருப்பாய். அப்போது நான் கெடுத்தவள் என்று தெரிந்திருக்கும். கேட்காமல் செய்தால் தெரியாது என்று நினைத்தேன்.

இது மட்டும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டும் இந்தக் கடிதத்தை முடிக்கலாம். வெள்ளிக்கிழமைதோறும் முப்பது வெள்ளை ஃபாரம் பெண்களின் படிப்பைத் துடைத்து வைக்கிறேன். என் பட்டம் ஊரில் பரண் மேல் இருக்கிறது. அதை யாரும் பிடித்துவைக்கவில்லை. பிடித்துவைக்கும் அளவுக்கு அது யாருக்கும் தேவைப்படவில்லை. நீ எண் வந்தது என்று எழுதிய அன்று எனக்குச் சந்தோஷம் வந்தது. அதற்கு முன்னால் வேறொன்று வந்தது.

24 அன்று போன் அடித்தபோது நான் டூட்டியில் இல்லை. அறையில் யாரும் இல்லை. பீரோ எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்று என்று நானும் எண்ணினேன்.

உன் கடிதங்களைக் கிழித்துப் போட்டிருக்கலாம். மனம் வரவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதவில்லை. எழுதினால் நீ பதில் போட வேண்டியிருக்கும்.

கூடையில் போட்ட படத்தை யாராவது எடுத்திருப்பார்களா?

காயத்ரி


திண்டிவனம்
2.1.2026

அண்ணிக்கு,

குப்பை அன்று மாலையே போய்விட்டது. இங்கே காகிதத்தைத் தனியாகப் பிரிப்பார்கள். மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டேன். இல்லை.

பாப்பா நன்றாக இருக்கிறாள். அரைப் பரீட்சையில் எல்லாம் எழுதினாள். அவளை நான் பார்த்துக்கொள்வேன். உங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். அது கிடைத்துவிட்டது. மாதக் கடைசி ஞாயிறு வழக்கம்போல வாருங்கள், அவள் பஸ் பார்க்கிறாள். எனக்கு அந்த நாட்களில் டூட்டி இருக்கும். கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. மருமகள் மாதிரி யாருக்கு வாய்க்கும் என்று நேற்றும் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம். அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தால் கேட்க வேண்டியது உங்களைத்தான். சாவி உங்களிடம்தான் இருக்கும்.

கண்ணையன் அண்ணனிடம் இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டேன். பேஜாரு விட்டது என்றார். பிறகு வெகுநேரம் பெட்டியின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

புத்தாண்டுக்கு எங்கள் எல்லாருக்கும் தகவல் படிவம் வந்திருக்கிறது. அதே வெள்ளைத் தாள், அதே கேள்விகள். இன்று காலை நிரப்பிக் கொடுத்தேன். ஒன்பதாவது கேள்விக்கு இந்த முறையும் இல்லை என்றுதான் எழுதினேன். கை நடுங்கவில்லை.

போன முறை எழுதியதுதான் பொய்.

அஸ்வினி
ஸ்டாஃப் நர்ஸ், திண்டிவனம் கிளை